கழற்றி மாட்டும் கால்கள்



கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. அதன்பின் பிழைப்புக்காக விடியுமுன்னே பெங்களூர் இரயிலேறும் நம்மவர் அநேகர். அந்த நெரிசலில் ஸ்டீல் கிட்டாரை நகர ஆராதனைக்குச் சுமந்துசெல்லும் சகோதரருக்குக் கழற்றமுடியாத கால்கள் பெரும்பாரமே.

ஹவாய்த் தீவுகளில் தோன்றிய இக்கருவியில் விரலால் நரம்பை அழுத்துவதில்லை. இரும்புத்துண்டு நரம்பின்மேல் வழுக்கிச் செல்லும். கருவி ஆடினால் சுருதியும் பிசகும்.

கனத்த பலகையாலான மின்கிட்டாரானால், அடிப்புறத்தின் நான்கு மூலைகளிலும் மறையுள்ள உலோகத் தகடுகளைப் பதித்து, கால்களை அவற்றில் முறுக்கிப் பொருத்தலாம். மரத்திலேயே மறை வெட்டாதிருங்கள். கழற்றி மாட்டும்போதெல்லாம் அது தேயும். கால்கள் சற்றே வெளிப்புறம் சரிந்திருக்கட்டும். அடியில் ரப்பர் மூடியும் வேண்டும்.

உள்ளே வெற்றிடமுள்ள மரக்கிட்டாரிலோ ஒருபோதும் துளையிடாதீர்கள். வயிற்றைக் கட்டி வாங்கிய கருவியின் மெல்லிய அடிப்பலகை பிளந்துபோம். அதற்குத் தனித் தாங்கியே தகும். மூன்று கால் தாங்கி மேடுபள்ளத் தரையிலும் தள்ளாடாது. (நாற்காலிக் காலுக்குக் காகிதம் மடித்து வைக்காத வீடுண்டோ?)

பயணத்தில் கால்களைத் துணியில் சுற்றி, கருவியோடு உரசாமல் வையுங்கள். ஒன்று வீட்டிலே தங்கிவிடாதபடி எல்லாவற்றையும் சேர்த்தே கட்டுங்கள்.