வைன் ஸ்ரோர்ஸில் வைன் இல்லை

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வருகிறவர்கள் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், எத்தனை பெயர்ப்பலகையில் 'வைன் ஸ்ரோர்ஸ்' என்று எழுதியிருக்கிறதென்று. உள்ளே சாராயமும் பியரும்தான். போன பங்குனியில் பாரிஸிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் இது தெரியாமல், "அக்கா, உன்ரை கணவாய்க் கறிக்கு நல்ல வெள்ளை வைன் ஒண்டு வேணும்" என்று மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனான். இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு போத்தலோடு வந்தான். சிவப்பு வைன். கழுத்தெல்லாம் தூசி. கடைப் பெடியன் கீழ்த்தட்டில் குனிந்து தேடியெடுத்து, "நத்தாருக்கு எடுத்தது அண்ணை" என்றானாம். எந்த வருச நத்தார் என்று இவனும் கேட்கவில்லை.

தக்கை திறக்கிற கருவி எங்கள் வீட்டில் ஏது? அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளினோம். பாதி வைன் அவனுடைய வெள்ளைச் சேட்டில். மீதியைக் கணவாய்க் கறியோடு குடித்துப் பார்த்தோம். நானும் ஒரு மிடறு குடித்தேன், மறைப்பானேன். ஆணியை நக்கினதுபோல வாய் கசந்தது. தூளின் உறைப்பு இரண்டு மடங்காக ஏறி, இரண்டு பேரும் தண்ணிச் செம்பைத் தேடினோம்.

நான் தர்மபுரம் பக்கம் 12 வருசமாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். எந்தக் கறிக்கு எது சேரும் என்பதில் எனக்கு ஒரு நாக்கு உண்டு. ஆனால் ஏன் சேரவில்லை என்பதற்குக் காரணத்தைச் சொன்னவன் பாரிஸ் தம்பிதான். சிவப்பு வைனின் துவர்ப்பு உறைப்பைக் கிளறிவிடும். அதற்குள் இருக்கிற இரும்பு, கடலுணவோடு சேர்ந்தால் வாயில் உலோகச் சுவை வரும். வெறியம் கூடக்கூட மிளகாய் எரிவும் கூடும். உறைப்புச் சாப்பாட்டுக்கு வெறியம் குறைந்த, கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் இனிப்பும் உள்ள, குளிர்ந்த, மெல்லிய நுரை கட்டுகிற வெள்ளை வைன்தான் தோது என்று அங்கே சொல்வார்களாம். ஜேர்மனிக்காரரின் ரீஸ்லிங், போர்த்துக்கல்காரரின் வின்யோ வேர்டே என்று இரண்டு பெயரும் சொன்னான்.

நான் கேட்டேன்: "புளிப்பு, இனிப்பு, நுரை, வெறியம் குறைவு. தம்பி, நீ கள்ளைத்தானே சொல்லுறாய்?"

அவன் சிரித்தான். பின்னேரம் கள்ளுக் கொப்பறேசனுக்குப் போய் இரண்டு போத்தல் பனங்கள்ளு வாங்கிவந்தான். மிஞ்சியிருந்த கணவாயைச் சுட வைத்தேன். அந்தச் சட்டியை அவன் வழித்த வழிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு பொம்பிளை பேப்பரில் கள்ளைப் பற்றி எழுதுவதா என்று புருவம் உயர்த்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் அம்மம்மா அப்பமாவைப் புளிக்க வைத்தது எதனால்? எங்கள் அம்மா ஒரு சிரட்டைக் கள்ளு விட்டுக் குழைத்து வைப்பா. விடிய அந்தப் பானையைத் திறந்தால் அடுப்படி முழுக்க மணக்கும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் அதே சாறு கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி, கோயிலுக்கும் போகும். பூசாவிட்டால் கள்ளு. பாளையிலும் முட்டியிலும் இருக்கிற காட்டு மதுவம் அந்த வேலையைச் செய்துவிடும், யாரும் ஒன்றும் கலக்கத் தேவையில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிவிட்டார் என்பது தெரியும். அவருக்கு எங்கள் ஊர் மரவள்ளிக்கிழங்கு தெரியாது. அது கடல் தாண்டிப் பிறகு வந்த கிழங்கு.

கள்ளிலே நேரம்தான் எல்லாம். விடியப்புறம் இறக்கின உடன்கள்ளு பால்போல, இனிப்புத் தூக்கலாக இருக்கும். அதற்கு அவித்த மரவள்ளியும் செத்தல்மிளகாய்ச் சம்பலும். பத்து, பதினொரு மணியாகும்போது புளிப்பு எட்டிப் பார்க்கும். மத்தியானச் சோற்றுக்கு அதுதான் பதம்: பூநகரி மொட்டைக்கறுப்பன் சோறு, இரணைமடுக்குளத்து விரால் குழம்பு, நந்திக்கடல் இறாலில் ஒரு பிரட்டல். எண்ணெய்ப் பிடிப்பை அந்தப் புளிப்பு அறுத்துக்கொண்டு போகும், அடுத்த கவளம் புதிதாக இறங்கும். பின்னேரக் கள்ளு கடுப்பு. ஒடியல் கூழுக்கும் பன்றி இறைச்சிக்கும் தாங்கும். அடுத்த நாள் அது வினாகிரி, ஊறுகாய்க்கு. தென்னங்கள்ளு வருசம் முழுக்கக் கிடைக்கும், சாதுவானது; சொதிக்கும் இடியப்பத்துக்கும் போதும். பனங்கள்ளின் மணம் அதற்கு இல்லை.

விலையைப் பாருங்கள். ஒரு போத்தல் இறக்குமதி வைனின் காசுக்கு ஒரு குடும்பம் ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாம். கள்ளு அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. வெறியமும் அப்படித்தான்: கள்ளில் 100க்கு 4, 5 பங்கு, வைனில் 12, 13. வைன் ஸ்ரோர்ஸில் இளந்தாரிகள் கேட்டு வாங்குகிற ஸ்ரோங் பியரில் 8.8, சாராயத்தில் 33க்குக் குறையாது.

இந்த இடத்தில் நான் கவனமாகப் பேச வேண்டும். சாராயக்கடை வேண்டாம் என்று பதாகை பிடித்த பெண்களோடு நானும் வெயிலில் நின்றிருக்கிறேன். 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் புதிய மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் வெளியானபோது, சின்னஞ்சிறு கிளிநொச்சிக்கு அதில் கிடைத்திருந்த பங்கைக் கேட்டு வாயில் கை வைத்தவர்களில் நானும் ஒருத்தி. கசிப்பு தின்ற வீடுகளை எனக்குத் தெரியும். கடைக்கு வந்து, "சோறு வேண்டாமக்கா, பைற்ஸுக்கு ஒரு பொரியல் மட்டும்" என்று கேட்கிறவனின் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான்: சாராயம் சோற்றுக்குப் பதிலாகக் குடிப்பது, கள்ளு சோற்றோடு குடிப்பது. கள்ளிலும் குடித்துக் கெட்டவன் உண்டு. கொப்பறேசன் வாசலில் காலையிலிருந்து குந்தியிருக்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு கோப்பைக்கு மேல் என் சிபாரிசும் இல்லை.

கேரளத்தில் கள்ளுக்கடை என்றால் சாப்பாட்டுக்கடை. குட்டநாட்டுப் பக்கம் மரவள்ளியும் மீன்கறியும் முன்னால் வைத்து, பக்கத்தில் கள்ளு. குடும்பமாகப் போய் இருந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் சாப்பாடுதான் அது, அச்சொட்டாக. தமிழ்நாட்டிலோ 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. அரசாங்கமே கடை போட்டுக் கடுஞ்சாராயம் விற்கிறது. இந்த இரண்டில் எந்தப் பாதையில் வன்னி போக வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் நல்லது. கேட்க மாட்டார்கள்.

எங்களிடம் சட்டம் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் வரிக்காக எழுதினது. எழுபதுகளில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தது பெரிய விடுதலை. அதற்கு முன் தவறணைக் குத்தகைக்காரன் வைத்ததுதான் விலை. அதைவிடக் கொடுமை சாதி. இரவில் வேலிக்கு மேலால் பிளா நீட்டிக் குடித்தவர்கள், பகலில் அதே சீவல்காரனை வாசற்படிக்கு எடுக்கவில்லை. இன்றைக்குக் கள்ளைக் கேவலமாகப் பேசுகிற வாய்களில் பாதி, குடியைச் சொல்வதுபோல் அந்த மனிதரைத்தான் சொல்கிறது.

மரமும் குறைவு. எங்கள் காணியில் 40 பனை நின்றது. போர் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது தலையோடு நின்றது 11. சில பதுங்குகுழிக்குக் குற்றியாகப் போயிற்று, சில செல்லில் தலை போய்த் தூண்மாதிரி நின்றன. அந்த மாரியில் நான் ஊன்றின விதைகள் இப்போது வடலி. பனை பாளை விட 15, 20 வருசம் எடுக்கும். முதல் பாளைக்காக நான் இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, வைன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் போனால் றோசேரியன் கன்னியர் மடத்தில் அவர்களே செய்கிற வைன் கிடைக்கும். இனிப்பு, கறுவாவும் கராம்பும் மணக்கும். சோற்றோடு எடுபடாது, நத்தார்க் கேக்கோடு, அல்லது பயற்றம் பணியாரத்தோடு வையுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து, சோக்கேசில் பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் வருசக்கணக்காக நிற்கிற அந்தப் போத்தலை இன்றைக்கே எடுங்கள். தகரக்கூரை வெக்கையில் வைன் முதிராது, பழுதாகும். சிவப்பென்றால் ஆட்டிறைச்சிக்கு, தூளைக் குறைத்து. வெள்ளையென்றால் ஐஸ்பெட்டியில் வைத்து மீன்பொரியலுக்கு. திறந்தால் இரண்டு, மூன்று நாளில் முடித்துவிடுங்கள். அடுத்தமுறை வருகிறவர்களிடம் திருகுமூடிப் போத்தலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், அகப்பை மிஞ்சும்.

பாரிஸ் தம்பி போன பிறகு எனக்கொரு யோசனை வந்தது. மத்தியானச் சாப்பாட்டோடு, ஆளுக்கு ஒரு கோப்பை கள்ளு, சங்கத்திடமே வாங்கி, கடையில் வைத்தால் என்ன? அனுமதி கேட்டு ஒரு கந்தோருக்குப் போனேன். மேசையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கள்ளுக்கோ? நீங்களோ?"

"ஓம், நான்தான். சோத்தோடை."

மேசை லாச்சியை இழுத்தார், மூடினார். முடியாது என்று அவர் சொல்லவில்லை. சாராயத்துக்குப் படிவம் இருக்கிறதாம், பியருக்கு இருக்கிறதாம். சோற்றோடு கள்ளுக்குப் படிவம் இல்லையாம். இப்போதைக்கு விரால் குழம்புக்குப் பக்கத்தில் பிளேன்ரீதான் வைக்கிறேன்.