எங்கள் தீவுக்கு யார் வரப்போகிறார்கள்?

அந்தமானில் கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், அலுவலகமானாலும் அபர்டீன் பஜார் கடையானாலும், முதலில் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: "டெல்லி, மும்பை என்றால் சரி. கடலுக்கு நடுவில் கிடக்கும் நம்மிடம் என்ன இருக்கிறது? எங்கள் தீவுக்கு யார் வரப்போகிறார்கள்?" கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்ட போர்ட் பிளேருக்கும் இடையே சுமார் 1,350 கிலோமீட்டர் கடல். கப்பலேறினால் மூன்று நாள். 2011 கணக்கெடுப்பின்படி யூனியன் பிரதேசத்தின் மொத்த மக்கள்தொகையே 3,80,581.

ஆனால் இந்த வாதம் ஒவ்வொரு முனையிலும் உடைகிறது.

தொலைவிலிருந்தே தொடங்கலாம். 2020 வரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஒரு கோப்பை அனுப்பிவிட்டு டீ குடித்து வரலாம் என்ற காலம் அது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. பிஎஸ்என்எல் நிறைவேற்றிய பணி. ஸ்ரீ விஜயபுரத்தோடு ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்டா, கிரேட் நிகோபார் ஆகிய ஏழு இடங்களும் அதில் சேர்ந்தன. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து தீவுக்கு வந்துசேர அதற்கு நொடியின் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

ஆக, தாக்க வருபவனுக்குக் கடல் இல்லை. காப்பாற்ற வருபவருக்குத்தான் இருக்கிறது. சர்வர் முடங்கினால் அதை மீட்கத் தெரிந்தவர் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விமானம் ஏற வேண்டும். முடங்கியது கமோர்டாவில் என்றால் மறுபடி கப்பல் பிடிக்க வேண்டும். தீவின் தொலைவைப் பாதுகாப்பாக எண்ணுகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அடுத்தது, "நாம் சின்ன இடம்" என்பது. பசிபிக் கடலில் வனுவாட்டு என்றொரு நாடு இருக்கிறது. அதன் மக்கள்தொகை ஏறக்குறைய நம் தீவுகளுடையதுதான்: சுமார் 3 லட்சம். 2022 நவம்பரில் புதிய அரசு பதவியேற்ற கையோடு அந்நாட்டு அரசின் கணினி வலையமைப்பு முழுவதும் சரிந்தது. அமைச்சகங்களின் மின்னஞ்சல், இணையதளங்கள், கோப்புகள் எதுவும் திறக்கவில்லை. ஊழியர்கள் பேனாவையும் காகிதத்தையும் எடுத்தார்கள். அரசு வேலையைச் சொந்த மின்னஞ்சலில் பார்த்தார்கள். நிலைமை ஓரளவு சீராக ஒரு மாதமானது. 2024 மார்ச்சில் வெறும் 18,000 பேர் வாழும் பலாவு நாட்டின் நிதி அமைச்சகத்தை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு டோங்காவின் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் இதே கதிதான்.

இவர்களையெல்லாம் யாரோ வரைபடத்தில் விரல் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. 2013-லேயே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஸீமேப்' என்ற கருவியை உருவாக்கி, ஒரே ஒரு கணினியிலிருந்து அத்தனை முகவரிகளின் கதவையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிட முடியும் என்று காட்டினார்கள். தாக்குகிறவர்களிடமும் இத்தகைய கருவிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. எந்தக் கதவில் பூட்டுச் சரியில்லை என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரிய வேண்டும். உள்ளே இருப்பது மும்பை வங்கியா, ரங்கத்தில் இருக்கும் ஒப்பந்தக்காரரின் அலுவலகமா என்பது பிற்பாடுதான்.

சரி, "நம்மிடம் என்ன இருக்கிறது?" ஹேவ்லாக்கில் ஒரு நடுத்தர ரிசார்ட்டின் வரவேற்பு மேசையை நினைத்துக்கொள்ளலாம். ஒரே கணினி. முன்பதிவு, ஜிஎஸ்டி கணக்கு, ஊழியர் சம்பளம், வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் வெப் எல்லாம் அதில்தான். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை அரசுக்கு அனுப்ப வேண்டும். அதற்காக ஸ்கேன் செய்த பாஸ்போர்ட்டும் விசாவும் 'டெஸ்க்டாப்'பிலேயே வரிசையாகக் கிடக்கும். மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தில் கடவுச்சொல். ஷிஃப்ட் மாறும்போது மூன்று பேர் அதே கடவுச்சொல்லில் வேலை பார்ப்பார்கள். இத்தனை நாட்டுக் குடிமக்களின் அடையாள ஆவணங்கள் இவ்வளவு லேசான பூட்டுக்குள் சேர்ந்து கிடப்பது திருடனுக்கு நல்ல வரும்படி. போதாததற்கு, முப்படைகளும் ஒரே தலைமையில் இயங்கும் அந்தமான் நிகோபார் கட்டளையகம் 2001 முதல் இங்குதான் இருக்கிறது. அங்கே ராணுவத்துக்குச் சிமெண்டும் காய்கறியும் அனுப்புகிறவரின் ரசீதுப் புத்தகம்கூடச் சிலருக்குச் சுவையான செய்திதான்.

"முக்கியமான கணினிகளை இணையத்தோடு இணைக்கவே இல்லை" என்பது படித்தவர்கள் வைக்கும் வாதம். தீவுக்குள் ஒரு தீவு என்று சொல்லலாம். இதற்கு விடை கூடங்குளத்தில் இருக்கிறது. 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் ஓர் அறிக்கை விட்டது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தியங்குபவை, வெளி இணையத்தோடு தொடர்பில்லாதவை, அவற்றின்மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை வெளியிட்டு, மால்வேர் கண்டறியப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில், இணைய இணைப்புள்ள ஒரு கணினியில் அது இருந்தது. மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே அதைக் கழகத்துக்குத் தெரிவித்திருந்தது.

அணுஉலையின் கட்டுப்பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிரிப்பு காப்பாற்றியது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு நிறுவனத்தின் உயிர் கட்டுப்பாட்டு அறையில் மட்டும் இல்லை. யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார், எந்த உதிரி பாகம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் நிர்வாகக் கணினியில்தான் இருக்கும். அதோடு, அணுமின் நிலையத்தில் இருக்கும் கட்டுக்கோப்பான பிரிப்பு எத்தனை அலுவலகங்களில் உண்டு? 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் முடங்கியபோது ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. வலையமைப்பைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இரண்டு வாரம் அங்கே சீட்டும் ரிப்போர்ட்டும் கையால் எழுதப்பட்டன.

டெல்லியில் எய்ம்ஸுக்கு எதிரிலேயே சஃப்தர்ஜங் மருத்துவமனை இருக்கிறது. அட்லாண்டா பாயிண்டில் நிற்கும் ஜி.பி. பந்த் மருத்துவமனையின் கணினிகள் இப்படி முடங்கினால் எதிரில் இருப்பது கடல். தீவுகளின் பெரிய நோயெல்லாம் கடைசியாக வந்துசேரும் இடம் அது. எய்ம்ஸைவிட அதிகமாகக் காக்கப்பட வேண்டியது அதுதான்.

"நாங்கள் ஒன்றும் செய்வதில்லை, எல்லாம் கம்பெனிக்காரர் பார்த்துக்கொள்கிறார்" என்பாரும் உண்டு. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை தருவது அதன் தொழில். தொற்று பரவாமலிருக்கத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் சி-எட்ஜைத் தன் வலையமைப்பிலிருந்து துண்டித்தது. ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐ, ஏடிஎம் சேவைகள் நின்றன. அந்த வங்கிகள் எதிலும் யாரும் தவறான இணைப்பைச் சொடுக்கவில்லை. அவர்களுக்குச் சேவை தருபவருக்கு, சேவை தரும் இன்னொருவரின் சர்வர் சரியாகப் பூட்டப்படவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து 2024-ல் கசிந்த வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கேட்டவருக்குக் கேட்டபடி கிடைத்தன. சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் தீவுவாசியின் மருத்துவக் கோப்பு எந்தெந்த நிறுவனத்தின் சர்வரில் கிடக்கிறது என்பது அவருக்கே தெரியாது. வேலையை வெளியாளிடம் கொடுக்கலாம்; பொறுப்பைக் கொடுத்துவிட முடியாது.

பேக்கப் விஷயத்துக்கு வருவோம். "எல்லாவற்றுக்கும் பேக்கப் இருக்கிறது" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் கிளவுட் அமைப்பை ரான்சம்வேர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் அதில் இருந்தன. அவர்களிடமும் பேக்கப் இருந்தது. அது அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அசலோடு சேர்ந்து பூட்டப்பட்டது. இணைப்பில்லாத தனிப் பிரதி இல்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரசுக் கடிதப் போக்குவரத்து மீளவேயில்லை. மின்னஞ்சல் மென்பொருள் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஆதரவு முடிந்துபோனது.

2017 ஜூனில் 'நாட்பெட்யா' மால்வேர் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை உலகமெங்கும் முடக்கி, மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் முனையம் ஒன்றையும் நிறுத்தியபோது நடந்தது இதற்கு மறுபக்கம். அந்நிறுவனத்தின் மொத்தக் கணினிப் பதிவேட்டுக்கும் மிஞ்சியது ஒரே ஒரு பிரதி. தாக்குதல் நேரத்தில் கானாவில் மின்வெட்டு. அதனால் அங்கிருந்த சர்வர் மட்டும் வலையமைப்பில் இல்லை, அதனால் பிழைத்தது. அதன் வன்தட்டை ஆள்வழியே இங்கிலாந்துக்குக் கொண்டுவந்துதான் மறுபடி எல்லாவற்றையும் எழுப்பினார்கள். கிரேட் நிகோபாரின் காலத்தியா விரிகுடாவில் பெரும் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் கட்டத் திட்டமிடும் தீவுகள் இதை மறக்கக் கூடாது. இங்கே இன்னொரு பாடமும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலைச் சுனாமியில் கார் நிகோபாரில் அலுவலகங்களும் பீரோக்களும் ஒன்றாகவே போயின. ஆகவே ஒரு பிரதி தீவுக்கு வெளியே இருக்க வேண்டும். கேபிள் வந்த பிறகு அது எளிது. இன்னொரு பிரதி எந்த வயரிலும் மாட்டப்படாமல் அலமாரியில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி நிறுவனம் நடத்த முடியாது.

கடைசி வாதம்: "நல்ல ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டாயிற்று." கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்ததைப் பார்க்கலாம். பன்னாட்டுப் பணப்பரிமாற்ற அமைப்பான ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலி உத்தரவுகள் போயின. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர்; துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களின் வங்கிகளுக்கு. தாக்கியவர்கள் ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டரை முதலில் முடக்கியிருந்தார்கள். உத்தரவு போனதற்கான ஒப்புகைச் சீட்டு வராமல் இருக்க. பிரிண்டர் ஓடாததை எந்த ஆன்டிவைரஸும் சொல்லாது. பிப்ரவரி 7 காலை வழக்கமாகக் கணக்கைச் சரிபார்த்தவர்கள்தான் பிடித்தார்கள். உடனே தகவல் போனதால் ஒரு தொகை வழியிலேயே நின்றது.

2015-ல் ஓஎன்ஜிசி நாப்தா விற்ற பணம் சுமார் 197 கோடி ரூபாய் வேறு கணக்குக்குப் போனதற்குக் காரணம், மின்னஞ்சல் முகவரியில் 'என்', 'ஜி' என்ற இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்ததை வாங்கியவர் கவனிக்காததுதான். இன்று முகவரிகூடத் தேவையில்லை. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஆரப் நிறுவன ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசிவிட்டு 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். திரையில் இருந்த முகங்கள் செயற்கை நுண்ணறிவால் செய்தவை. சென்னை மொத்த வியாபாரியிடம் சரக்கெடுக்கும் தீவுக் கடைக்காரருக்கு இது நேரடியாகப் பொருந்தும். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள் அண்ணா" என்று செய்தி வந்தால், பல வருடமாக வைத்திருக்கும் பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல், ஊர்க்கதை ஒன்றைப் பேசிப் பார்க்காமல், ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது.

செர்ட்-இன் பதிவு செய்த சம்பவங்கள் 2023-ல் 15.92 லட்சம், 2024-ல் 20.41 லட்சம். 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த உத்தரவுப்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ன் கீழ் போதிய பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இந்தச் சட்டங்களில் தீவுக்கென்று தனி அவகாசம் இல்லை. அந்த 6 மணி நேரத்துக்குள் சென்னையிலிருந்து ஆள் வந்துசேர்வார் என்ற உறுதியும் இல்லை. அதனால் அந்த முதல் 6 மணி நேரத்துக்கான ஆள் தீவிலேயே இருக்க வேண்டும்: எந்த வயரை முதலில் பிடுங்குவது, எந்தக் கணினியை அணைக்காமல் விடுவது, யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்த ஒருவர், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர். அவர்களுக்கான தொலைபேசி எண்களும், பணம் போயிருந்தால் அழைக்க வேண்டிய 1930-ம், கணினிக்குள் அல்லாமல் சுவரில், காகிதத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.