வீட்டில் நின்ற தெய்வம்

பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதும்பொழுது, ‘மதம்’ என்று ஒரு சிறு கட்டம் வரும். ஒரே சொல்லால் அதை நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவது உபாத்தியாயர்களாகிய எங்கள் வழக்கம். பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளின் சரித்திரத்தைப் படித்த பிறகு, அந்தக் கட்டம் மிகவும் சிறியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹவாய் ஜனங்களுக்குக் கிறிஸ்து மதத்தைப் போதித்தவர்கள் அமெரிக்கப் பாதிரிமார். ஆனால் அவர்களுடைய பழைய மதத்தைக் குலைத்தவர்கள் அந்தப் பாதிரிமார் அல்லர். முன்னாளில் அங்கே ‘கபு’ என்னும் விலக்கு முறை இருந்தது. ஆடவரும் பெண்டிரும் ஒரே பந்தியில் உண்ணலாகாது. வாழைப்பழமும் தேங்காயும் பெண்களுக்கு ஆகா. மீறினால் மரண தண்டனையும் உண்டு. 1819-ஆம் ஆண்டில் முதலாம் காமேஹாமேஹா அரசர் காலமானார். அவருடைய பத்தினியரில் ஒருவரான காஅஹுமானுவின் தூண்டுதலால், புதிய அரசர் லிஹோலிஹோ பெண்களின் பந்தியில் அமர்ந்து உண்டார். அந்த ஒரு விருந்தோடு கபு தொலைந்தது. கோயில்களை இடிக்கவும் விக்கிரகங்களை எரிக்கவும் உத்தரவு பிறந்தது. பழைய தெய்வங்களுக்காகப் போர் தொடுத்த அரசரின் உறவினர் கெகுவாவோகலானி அவ்வாண்டு டிசம்பரிலே களத்தில் மாண்டார். உடனிருந்து போரிட்ட அவர் மனைவி மனோனோவும் மாண்டாள். பாதிரிமாரின் கப்பல் வந்து சேர்ந்ததோ 1820-இல்தான்!

அதன்பின் அரண்மனை சாய்ந்த பக்கம் ஊரும் சாய்ந்தது. கத்தோலிக்கர் 1827-இல் வந்தனர், ஒறுக்கப்பட்டனர், 1839-இல் அரசாணையால் உரிமை பெற்றனர். 1850-இல் மார்மன் சபையாரும், 1862-இல் அரசரின் அழைப்பின்மேல் ஆங்கிலிக்கன் சபையாரும் வந்தனர்.

ஆயினும், இடிப்பதற்குக் கோயில் இல்லாத தெய்வத்தை என்செய்வது? ‘ஔமாகுவா’ என்பது குடும்பத்தைக் காக்கும் முன்னோரின் ஆவி. ஒரு வீட்டாருக்கு அது சுறாவாக வரும். மற்றொரு வீட்டாருக்கு ஆந்தையாக வரும். அந்தப் பிராணிக்கு அக்குடும்பத்தார் தீங்கு செய்யார். ஞாயிறுதோறும் கிறிஸ்தவ ஆலயத்துக்குச் செல்லும் வீடுகளிலும் இந்த நினைவு நின்றது. குடும்பத்தில் மனத்தாங்கல் நேர்ந்தால், எல்லோரும் கூடிப் பிரார்த்தித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, மன்னித்து விடுவிக்கும் ‘ஹோபோனோபோனோ’ என்ற முறையும் நின்றது. பிரார்த்தனையில் அழைக்கும் பெயர் மாறியது. கூடி அமர்வது மாறவில்லை.

இனி, மனத்தை உறுத்தும் ஒரு கேள்வி. 1893-இல் லிலியுவோகலானி அரசியாரைச் சிங்காசனத்திலிருந்து இறக்கியவர்களில் பாதிரிமாரின் வழித்தோன்றல்கள் முன்னின்றனர். நாட்டைப் பறித்தவர்களின் மதம் தமக்கு எதற்கு என்று அந்த ஜனங்கள் அதைத் தூக்கி எறியாதது ஏன்?

அரசியாரின் வாழ்க்கையே விடை கூறுகிறது. 1895-இல் தம் அரண்மனையிலேயே சிறையிருந்தபொழுது, அவர் தாய்மொழியில் ஒரு தோத்திரம் இயற்றினார். பிறர் செய்த பாவத்தை மன்னிக்குமாறு அதில் கடவுளை வேண்டினார். 1896-இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே போதனாமொழி ஆக்கியது. பள்ளியில் இடமிழந்த ஹவாய் மொழிக்கு, வேதப் புத்தகமும் ஞானப்பாட்டும் வழங்கிய ஆலயம் புகலிடமாயிற்று. அந்நியர் கொணர்ந்த மதம் அதற்குள் அவர்கள் வீட்டு மதமாகிவிட்டது.

பழைய தெய்வங்களை மறுபடி நாடுவோரும் உளர். அமெரிக்கக் கடற்படை குண்டு வீசிப் பழகிய கஹோஒலாவே தீவில், 1982-இல் லோனோ தெய்வத்துக்குரிய மகாஹிகி விழாவை மீண்டும் தொடங்கினார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிமாரோ ஆலயத்தில் ஹவாய் மொழியில் ஞானப்பாட்டுப் பாடியவர்களாக இருக்கலாம். இரண்டில் எது அவர்கள் மதம்?

பதிவேட்டில் ஒரு சொல் எழுதத்தான் வேண்டும், எழுதுவோம். ஆனால் ஒரு குடும்பத்தின் பக்தி அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிட்டதென்று மட்டும் எண்ண வேண்டாம்.