உடம்பும் கணக்கேடும்

நிறை குறையாத ஒருவனைக் கண்டால் உலகம் உடனே நீதிபதி ஆகிவிடுகின்றது. "வாயைக் கட்டினால் வயிறு தானே வற்றும்" என்பது அதன் தீர்ப்பு. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேன்முறையீடும் இல்லை. பருத்தவன் பெருந்தீனிக்காரன், அன்றேற் சோம்பேறி, அன்றேல் இரண்டுமானவன் என்று முடிவுகட்டிவிடுகின்றார்கள். இத்தீர்ப்பு அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது என்பதே ஈண்டு யான் கூறப்புகுவது.

முதலில் என் நிலையை ஒளிக்காது சொல்லிவிடுகின்றேன். ஐம்பத்து நான்கு வயதான தமிழாசிரியன் யான். சென்ற ஆண்டு வைத்தியர் ஒருவர், என் இரத்தத்திற் சீனி எல்லைக்கோட்டை அணுகிவிட்டதென்றும் நிறையைக் குறைத்தல் வேண்டுமென்றும் கூறினார். அன்று என் நிறை 84 கிலோகிராம். அந்நாள் தொட்டு, நாளொன்றுக்கு 1,800 கலோரிக்கு மேற்படாமல் உணவை அளந்து உண்டு வருகின்றேன். சோற்றுக்கு ஒரு கிண்ணம், பிட்டுக்கு ஒரு கிண்ணம். அடுக்களையில் ஒரு சிறு தராசு. மேசையில் ஒரு கொப்பி. மாலைதோறும் ஐந்து கிலோமீற்றர் நடக்கின்றேன். முதல் மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. அதன்பின் எட்டு மாதமாகத் தராசின் முள் அதே இடத்திற் குந்தியிருக்கின்றது. "பண்டிதர், கொப்பியில் எழுதாததும் ஏதாவது உள்ளே போகின்றதோ?" என்று உடனாசிரியர் ஒருவர் கேட்டார். நகைச்சுவையாகவே கேட்டார், ஆயினும் அந்நகைச்சுவைக்குள்ளும் அந்தப் பழைய தீர்ப்பே ஒளிந்திருந்தது.

இக்கணக்கின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். கலோரி என்பது உணவுக்கென்று பிறந்த சொல்லன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சு நாட்டு அறிஞர் நிக்கலா கிளெமான் என்பவர் வெப்பப் பொறிகளைப் பற்றிய தம் விரிவுரைகளில் வழங்கிய சொல் அது. பொறிக்கு வகுத்த அளவையை உணவின்மேல் ஏற்றிப் பரப்பியவருள் முதன்மையானவர் அமெரிக்கரான வில்பர் அற்வாற்றர். மாப்பொருள் ஒரு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று அவர் காலத்தில் வகுத்த சராசரி எண்களே இன்றும் பிசுக்கோத்துப் பொதியின்மேல் அச்சாகின்றன. 1918ஆம் ஆண்டில் லூலூ ஹன்ற் பீற்றேர்சு என்னும் பெண் வைத்தியர் எழுதிய நூலொன்று இக்கணக்கை இல்லந்தோறும் கொண்டுசென்றது. நிறை குறைப்பதற்கு எண்ணி உண்ணும் வழக்கம் அங்ஙனம் பரவியதே.

சராசரி என்பது பொய்யன்று. ஆயின் அது முழு மெய்யுமன்று. வகுப்பின் சராசரிப் புள்ளி 50 என்றால் ஒவ்வொரு மாணவனும் 50 புள்ளி பெற்றான் என்பது பொருளாகுமா? 2012ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்து ஆராய்ச்சியாளர் 28 கிராம் பாதாம்பருப்பை ஆராய்ந்தனர். பழைய கணக்கின்படி அதில் 170 கலோரி அளவு இருத்தல் வேண்டும். உண்டவர் உடம்பிற் சேர்ந்ததோ 129 மாத்திரமே. பருப்பின் ஒரு பங்கு செரியாமலே கழிந்துவிட்டது. நம் நாட்டுச் செய்தியும் ஒன்றுண்டு. 2015ஆம் ஆண்டில் இலங்கையின் இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், உலைநீரிற் சிறிது தேங்காயெண்ணெய் விட்டுச் சோறாக்கி, அதனைப் பன்னிரண்டு மணிநேரம் குளிரவைத்தால், எளிதிற் செரியாத மாப்பொருள் அதிற் கூடுகின்றதென்று ஆய்ந்து வெளியிட்டனர். அரிசி ஒன்றே, ஆக்கும் முறையும் ஆறும் நேரமும் வேறுபட, உடம்பு பெறும் பயனும் வேறுபடுகின்றது. கொப்பியில் எழுதும் எண்ணோ சுடுசோற்றுக்கும் ஆறிய சோற்றுக்கும் ஒன்றே.

வரவுக் கணக்கின் நிலை இது. செலவுக் கணக்கின் நிலை இன்னும் வியப்பானது. 1958ஆம் ஆண்டில் மக்சு விசினோவ்சுகி என்னும் வைத்தியர், உடல் நிறையில் ஓர் இறாத்தல் 3,500 கலோரிக்குச் சமம் என்று எழுதினார். அதனைக் கொண்டு, நாளுக்கு 500 கலோரி குறைத்து உண்டாற் கிழமைக்கு ஓர் இறாத்தல் குறையும் என்று பலரும் விதி செய்துகொண்டனர். இவ்விதி மெய்யாயின் அதன் முடிவு யாது? என் நிறையான 84 கிலோகிராம் ஏறக்குறைய 185 இறாத்தல். கிழமைக்கு ஒன்றாகக் கழித்தால், நான்கு ஆண்டு நிறைவதற்கு முன்பே யான் இவ்வுலகில் இல்லாது மறைந்துபோதல் வேண்டும்! விதியின் குறை அதன் முடிபிலே வெளிப்படுகின்றது. வரவு குறையும்போது செலவும் மாறும் என்பதை அது மறந்துவிட்டது.

ஊதியம் குறைந்த வீட்டிலே இல்லாள் என்ன செய்வாள்? விளக்கை நேரத்தோடு அணைப்பாள். சொதிக்குத் தேங்காய்ப்பாலைக் குறைப்பாள். புதுப்புடைவையை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவாள். பெட்டியில் இருக்கும் சேமிப்பை மாத்திரம் எளிதில் வெளியே எடுக்க மாட்டாள். உடம்பும் அவ்வாறே இல்லறம் நடத்துகின்றது. கொழுப்பு அதன் சேமிப்பு; பஞ்ச காலத்துக்கென்று பல்லாயிரம் ஆண்டுகளாகக் காத்துப் பழகிய பொருள். எம் உணவுக் குறைப்பு வைத்தியர் ஆலோசனையால் வந்ததா, மழை பொய்த்ததனால் வந்ததா என்பதை அது எங்ஙனம் அறியும்?

இஃது உவமை அளவில் நிற்பதன்று. அளந்து கண்ட உண்மை. 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில், போரிட மறுத்த இளைஞர் 36 பேர், போரினாற் பட்டினி கிடந்த மக்களை மீட்கும் வழியறிவதற்குத் தம் உடம்பைப் பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்தனர். அன்செல் கீசு என்னும் அறிஞர் அதனை நடத்தினார். ஆறு மாதம் அரைவயிற்று உணவு. கிழமைக்கு 22 மைல் நடை. அவர்கள் மெலிந்தார்கள் என்பது உண்மை. ஆனால் உடம்பு ஓய்வில் இருக்கும்போது செலவிடும் சத்தியும் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு வீழ்ந்தது. கை கால் குளிர்ந்தன, மனம் சோர்ந்தது, உணவைத் தவிர வேறு நினைவு அற்றது. சமையல் நூல்களைத் தேடிப் படித்தவரும் அவருள் இருந்தனர். இவர்கள் ஒழுக்கம் குன்றியவரல்லர். கொள்கைக்காகத் துன்பம் ஏற்றவர்கள். அத்தகையோரையே பசி அப்பாடு படுத்தியது.

பருத்தவரிடத்தும் இதனைக் கண்டுள்ளனர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த நிறைகுறைப்புப் போட்டி ஒன்றிற் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டின்பின் ஆராய்ந்து, கெவின் ஹோல் என்பவரும் குழுவினரும் 2016ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். குறைத்த நிறையிற் பெரும்பகுதி மீண்டுவிட்டது. எனினும், அவர்கள் உடலளவுக்கும் வயதுக்கும் எதிர்பார்க்கத்தக்கதிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே உடம்பு செலவிட்டுக்கொண்டிருந்தது. சிறிதளவு நிறை குறைத்தாரிடத்து இம்மாற்றம் இத்துணைப் பெரிதன்று. ஆயினும் திசை ஒன்றே. மெல்பேணில் நடந்த ஓர் ஆய்வு, நிறை குறைத்து ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் ஓமோன்கள் உயர்ந்தும் நிறைவை உணர்த்துவன தாழ்ந்தும் நின்றதை 2011ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது. ஆகவே நிறை குறைத்தவன் முன்னிலும் மிகுந்த பசியோடு, முன்னிலும் குறைந்த செலவுடைய உடம்பை வைத்துக்கொண்டு போராடுகின்றான். வெளியே நிற்பவர் கண்ணுக்கு இப்போராட்டம் தோன்றுவதில்லை. வயிறு மாத்திரமே தோன்றுகின்றது.

இங்கே மறுப்பொன்று எழும். 1992ஆம் ஆண்டில் நியூயோக்கில் நடந்த ஆய்வொன்றில், "எவ்வளவு குறைத்து உண்டும் மெலியவில்லை" என்றவர்கள், தாம் உண்டதை நூற்றுக்கு 47 பங்கு குறைத்தும், செய்த உடலுழைப்பை நூற்றுக்கு 51 பங்கு கூட்டியும் சொன்னமை புலனாயிற்று. "பார்த்தீர்களா, எல்லாம் மறைப்பு வேலை!" என்று இதனை எடுத்துக்காட்டுவோர் உளர். யான் அதனை வேறுவகையாற் காண்கின்றேன். வைத்திய ஆய்வுக்குத் தாமாகவே வந்து, உதவி வேண்டி நின்றவர்களே இவ்வளவு பிழைபட எண்ணினார்கள் என்றால், அது மாந்தரின் கள்ளத்தையா காட்டுகின்றது? எண்ணும் முறையின் வலுவின்மையையே காட்டுகின்றது. சத்திக் காப்பு விதி என்றும் பொய்ப்பதில்லை. ஆனால் அந்த விதியின் இரு பக்கத்தையும் அகப்பையாலும் கொப்பியாலும் அளந்துவிடலாம் என்னும் நம்பிக்கையே பொய்க்கின்றது.

இனி நடையைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். என் போன்ற உடம்புடையார் ஐந்து கிலோமீற்றர் நடந்தாற் செலவாவது ஏறக்குறைய 250 கலோரி. ஒரு வடையும் சீனியிட்ட பால்தேநீரும் அதனைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். தன்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் வாழும் ஹட்சா மக்கள் நாள் முழுவதும் நடப்பவர்கள். அவர்கள் செலவிடும் மொத்தச் சத்தியும், உடலளவை ஒப்பவைத்துப் பார்க்குமிடத்து, நகரத்து மேனாட்டார் செலவிடுவதனின்றும் பெரிதும் வேறுபடவில்லை என்று 2012ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கண்டது. ஆதலின், நடந்தே நிறையை இறக்கிவிடலாம் என்று எதிர்பார்ப்பவன் ஏமாறுதல் இயல்பு.

அங்ஙனமாயின் நடப்பது வீணா? வீணன்று, வீணென்று எண்ணுவதே பெருங்கேடு. என்னோடு மாலையில் நடந்துவந்த நண்பர் ஒருவர், ஆறு மாதமாகியும் தராசு அசையவில்லை என்று வெறுத்து நடையைக் கைவிட்டார். இன்று அவர் நீரிழிவுக்கு மருந்துண்கின்றார். அவரைப் போன்றோர் பொருட்டே சென்னையில் நடந்த ஆய்வொன்றை ஈண்டு விரித்துரைக்கின்றேன். நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டளவு தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளர் ஆயினர். உணவை ஒழுங்குசெய்து நடைப்பயிற்சியும் மேற்கொண்டவருள் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. இவர்களின் நிறையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை! தராசு அசையாதிருக்க, நோய் மாத்திரம் பின்வாங்கியது. எம்மவரின் உடலமைப்பை ஒத்த மக்களிடத்துக் கண்ட முடிவு இது. நிறை குறையவில்லையே என்று மனமுடைந்தார் அனைவரும் நெஞ்சில் எழுதிவைத்தற்கு உரியது.

என் அநுபவமும் இதற்கு அரண்செய்கின்றது. தராசின் முள் அசையாத இந்த எட்டு மாதத்தில் என் இடுப்பளவு நான்கு சென்ரிமீற்றர் குறைந்திருக்கின்றது. வேட்டியைக் கட்டும்போது ஒரு மடிப்புக் கூடுகின்றது. இரத்தத்திற் சீனி எல்லைக்கோட்டினின்றும் விலகியிருக்கின்றது. மாடிப்படி ஏறி வகுப்புக்குச் சென்றதும் மூச்சு வாங்காமற் பாடம் தொடங்க முடிகின்றது. இவற்றுக்கெல்லாம் கொப்பியில் நிரல் இல்லை. தென்னாசிய ஆடவர்க்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றருக்கும் உட்பட்டிருத்தல் நன்று என்பர். வயிற்றுக் கொழுப்பே எம்மவர்க்குப் பெரும்பகை. ஆதலின் ஓர் அளவுநாடா தராசினும் நல்ல ஆசிரியன் ஆகலாம்.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைப் படிப்பித்துவந்த எனக்கு ஒன்று இப்போது புதிதாகப் புலப்படுகின்றது. முன்னுண்டது செரித்தமை அறிதலும், பசியறிந்து அளவோடு உண்டலும் அங்கே பேசப்படுகின்றன. உடம்பின் நிறை ஓரிடத்தும் பேசப்படவில்லை. அளவு என்பது அங்கே உண்போன் தன் உடம்பைக் கேட்டறியும் அளவு. பொதியின்மேல் அச்சிட்ட அளவன்று.

ஆகவே மூவரிடத்து என் வேண்டுகோளை வைக்கின்றேன். வைத்தியர்காள்! "குறையுங்கள்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாது, இடுப்பையும் இரத்தத்தையும் இரத்த அமுக்கத்தையும் அளந்து, நோயாளி அடைந்த நன்மையை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மருந்து வேண்டியவர்க்கு நாணமின்றி மருந்து கொடுங்கள். பசியை அடக்கும் செமாக்ளுடைட் போன்ற மருந்தை நிறுத்தினால், குறைந்த நிறையிற் பெரும்பகுதி ஓராண்டிலே மீளுகின்றதென 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. இது குணக்கேடன்று, உடம்பின் இயல்பு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? உறவினர்காள்! கலியாணப் பந்தியிலே ஒருவன் இலையை நோக்கி உங்கள் தீர்ப்பை வழங்காதீர்கள். அவன் வாயை எத்தனை நாள் கட்டினான் என்பதை அந்த இலை சொல்லாது.

உடன் நடப்போரே! தராசு நின்றுவிட்டதென்று நீங்களும் நின்றுவிடாதீர்கள். அளந்து உண்பதும் நடப்பதும் நிறைக்குச் செலுத்தும் கடனல்ல. உயிருக்குச் செய்யும் உபசாரம். அந்த உபசாரத்தின் பயனைத் தராசு ஒன்றே சொல்ல வல்லது என்னும் எண்ணத்தையே முதலிற் குறைத்தல் வேண்டும்.