வெற்றிபெற்ற பெண்களும் வெற்று உபதேசமும்

பெண்கள் முன்னேற்றம் என்பதன் பேரால் இப்பொழுது புதிதாக ஒரு புராணம் புறப்பட்டிருக்கின்றது. அதாவது, பத்திரிகையிலோ, வானொலியிலோ, தொலைக்காட்சியிலோ பேரெடுத்த ஓர் அம்மையாரை அழைத்து வந்து மேடையில் உட்கார வைத்து, "தாங்கள் இவ்வளவு பெரிய நிலைக்கு வந்த இரகசியம் என்ன?" என்று கேட்பது, அவர் விடாமுயற்சி என்றும், பொறுமை என்றும், புன்சிரிப்பு என்றும், வீட்டையும் வேலையையும் சமமாகப் பார்த்துக் கொண்டதென்றும், கடைசியில் ஆண்டவன் அருள் என்றும் ஐந்தாறு சொற்களைச் சொல்லுவது, உடனே கூட்டத்தார் கைதட்டி, "பெண்களே, கேட்டுக் கொண்டீர்களா? இதுதான் வழி" என்று உபதேசம் செய்துவிட்டுக் கலைந்து போவது. இதற்கு வாழ்க்கைப் பாடம் என்று பெயர்.

இதிலென்ன கெடுதி என்று சில தோழர்கள் கேட்கலாம். கெடுதி உண்டு என்றுதான் சொல்லுகிறோம். முன்காலத்தில் ஒருவன் தரித்திரனாயிருந்தால் அது அவனுடைய பூர்வஜென்ம கர்மம் என்றார்கள். இப்பொழுது ஒரு பெண் மேலே வரவில்லையென்றால் அவளுக்கு முயற்சி போதவில்லை என்கின்றார்கள். கர்மம் என்ற சொல்லை எடுத்துவிட்டு முயற்சி என்ற சொல்லைப் போட்டார்களே தவிர, காரியம் ஒன்றுதான். இரண்டிலும் கஷ்டப்படுகிறவள் தலையில் பழி விழுகின்றது. கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்திருக்கிறவன் தப்பித்துக் கொள்ளுகிறான். ஆகையால் பேரெடுத்த பெண்கள் உண்மையில் எப்படி மேலே வந்தார்கள் என்பதை, நடந்த சங்கதிகளைக் கொண்டே பரிசீலனை செய்வோம். பெண்களுக்கு வெகு சுதந்திரம் இருப்பதாகச் சொல்லப்படும் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் முதலில் எடுத்துக் கொள்ளுவோம்.

மாடத்தில் நின்ற நிருபர்கள்

அமெரிக்காவின் தலைநகரமாகிய வாஷிங்டனில் 1908-ல் தேசியப் பத்திரிகையாளர் சங்கம் என்று ஒன்று ஏற்பட்டது. வெளிதேசத்துத் தலைவர்கள் அங்கே வந்து விருந்துண்டு பிரசங்கம் செய்வார்கள். அந்தப் பிரசங்கமே மறுநாள் பத்திரிகைகளுக்குப் பெரிய செய்தி. ஆனால், அச்சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. நிருபர் வேலை பார்த்த பெண்களுக்கும் இடமில்லை. வெகுநாள் கூச்சலுக்குப் பிறகு 1955-ல் ஒரு தயவு காட்டினார்கள். என்ன தயவு? மண்டபத்தின் மேல்மாடத்தில் ஒடுங்கி நின்று பிரசங்கத்தைக் கேட்டுக் கொள்ளலாமாம். கீழே ஆண் நிருபர்கள் மேஜை போட்டுச் சாப்பிடுவார்கள். மேலே நிற்கும் பெண்களுக்குச் சாப்பாடு கிடையாது. கீழே இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம். மேலே இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. தொழில் ஒன்று, செய்தி ஒன்று, பிறப்பு மாத்திரம் வேறு. இதற்குத் தீண்டாமை என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

இந்தப் பெண்களுக்குப் பொறுமை போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? 16 வருஷ காலம் மாடத்தில் நின்றார்கள். நின்றதைப் பார்த்து இரங்கி எவரும் கதவைத் திறக்கவில்லை. இடைவிடாமல் கிளர்ச்சி செய்து, அந்த வழக்கத்தை ஊரறியச் சிரிக்க வைத்த பிறகுதான் 1971-ல் பெண்களையும் அங்கத்தினராகச் சேர்த்தார்கள்.

நாற்பத்தாறு பெயர்கள்

நிற்க, நியூயார்க்கில் நியூஸ்வீக் என்ற பெரிய வாரப் பத்திரிகையில் நடந்ததைக் கேளுங்கள். பெரிய கலாசாலைகளில் பட்டம் பெற்ற பெண்கள் அங்கே வேலைக்குப் போனால், கடிதம் சுமக்கவும், பத்திரிகைத் துண்டுகளைக் கத்தரிக்கவும், ஆண்கள் எழுதியதில் பிழையிருக்கிறதா என்று சரிபார்க்கவும் உட்கார வைப்பார்கள். அதே பட்டத்தோடு வந்த ஆண்களை நேரே எழுத்தாளர் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். எழுத ஆசைப்படும் பெண் வேறு இடம் பார்த்துக் கொள்ள வேண்டியதுதான் என்று வாய் கூசாமல் சொல்லி வந்தார்கள். எழுதுகிறவனுக்கு விஷயம் திரட்டிக் கொடுக்கவும், அவன் தப்பைத் திருத்திக் கொடுக்கவும் புத்தி இருக்கின்றது. எழுதுவதற்கு மாத்திரம் புத்தி இல்லை என்றால், இதை எந்த அறிவாளி நம்புவான்?

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? புன்சிரிப்போடு இன்னும் நன்றாகச் சரிபார்த்தார்களா? இல்லை. பெண்களின் கழிப்பறையில் ஒருவருக்கொருவர் இரகசியமாகப் பேசி ஆள் சேர்த்தார்கள். வேலைக்கு ஆள் எடுப்பதில் ஆண் பெண் பேதம் கூடாது என்று 1964-ல் வந்த சட்டத்தைப் படித்துப் பார்த்தார்கள். எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் என்ற கறுப்பினப் பெண் வக்கீலைப் பிடித்தார்கள். 1970 மார்ச் 16-ந் தேதி, பெண்களின் கலகத்தைப் பற்றி அந்தப் பத்திரிகை அட்டைப்படம் போட்டுக் கட்டுரை வெளியிட்ட அதே தினத்தில், 46 பெண்கள் கையெழுத்துப் போட்டு அரசாங்கத்தின் சமவாய்ப்புக் கமிஷனுக்குப் புகார் அனுப்பினார்கள். அந்த அட்டைக் கட்டுரையை எழுதவும் தன்னிடமிருந்த பெண்களில் ஒருவரையும் நம்பாமல் வெளியிலிருந்து ஓர் அம்மையாரைக் கூப்பிட்டது அப்பத்திரிகை!

நிர்வாகத்தார் வாக்குறுதி கொடுத்தார்கள். வாக்குறுதி காற்றில் போயிற்று. பெண்கள் 1972-ல் இரண்டாந்தரம் புகார் போட்டார்கள். அதற்குப் பிறகே எத்தனை பெண்கள், எந்தக் கெடுவுக்குள் என்று எண்ணிக்கை போட்டு 1973-ல் ஒப்பந்தம் ஆயிற்று. அந்த 46 பேரில் ஒருவரான லின் பொவிச் 1975-ல் அப்பத்திரிகையின் முதல் பெண் மூத்த ஆசிரியரானார். இன்று அவரை மேடையேற்றி, "உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?" என்று கேட்டால் விடை ஒன்றே: கூட்டாகச் சேர்ந்ததும், சட்டத்தைக் கையில் எடுத்ததும், முதல் வாக்குறுதியை நம்பி ஓயாததும்தான்.

முதலாளியும் அடிமைப் புத்தியும்

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. அந்த நியூஸ்வீக் பத்திரிகைக்கு அப்பொழுது முதலாளி ஒரு பெண். அவர்தான் வாஷிங்டன் போஸ்ட் என்ற தினசரியையும் நடத்திய காதரின் கிரகாம் அம்மையார். பெண்கள் புகார் போட்டதைக் கேட்டதும், தாம் எந்தப் பக்கம் நிற்பது என்று அவர் திகைத்துக் கேட்டதாகச் சொல்லப்படுகின்றது. ஒரு பெண் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டால் பெண்கள் எல்லோருக்கும் விடுதலை வந்துவிட்டது என்று கூத்தாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அம்மையாரின் கதைதான் என்ன? போஸ்ட் பத்திரிகையை 1933-ல் விலைக்கு வாங்கியவர் அவருடைய தகப்பனார். மகளும் பத்திரிகை வேலை பழகியவர். ஆயினும், 1946-ல் தகப்பனார் நிர்வாகத்தை ஒப்படைத்தது மருமகனிடம். பிறகு பங்குகளைக் கொடுத்தபோதும் மருமகனுக்குப் பெரும்பங்கு; பெற்ற மகளுக்குச் சிறுபங்கு. மனைவியின் கீழ் புருஷன் வேலை செய்யும் நிலை வரக்கூடாது என்பது காரணமாம்! மகளும் அதை நியாயமென்றே அப்போது எண்ணினார். 1963-ல் கணவர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 46-ம் வயதில் அவர் அந்த நாற்காலிக்கு வந்தார். பெண்ணுக்குப் புத்தி குறைவு என்று தாமே நம்பி வந்ததைப் பின்னால் 1997-ல் வெளியிட்ட சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கோடீசுவரர் வீட்டுப் பெண்ணுக்கே இந்தப் புத்தி ஏற்றப்பட்டதென்றால் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அந்த அடிமைப் புத்தி எப்படிப் போயிற்று? பொறுப்பைச் சுமக்கச் சுமக்கப் போயிற்று. வியட்னாம் யுத்தத்தைப் பற்றி அரசாங்கம் மறைத்து வைத்த தஸ்தாவேஜுகள் 1971-ல் அகப்பட்டபோது, வெளியிட வேண்டாம், கம்பெனி கெட்டுவிடும் என்று வக்கீல்கள் பயமுறுத்தினார்கள். வெளியிடுங்கள் என்று உத்தரவு போட்டவர் அந்த அம்மையார். சுப்ரீம் கோர்ட்டும் பத்திரிகைகளின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. ஜனாதிபதி நிக்சன் 1974-ல் பதவியை விட்டு ஓடும்படி செய்த வாட்டர்கேட் ஊழலைத் தோண்டியதும் அவர் பத்திரிகையே. விருந்துக்குப் பிறகு ஆண்கள் அரசியல் பேசுவதற்காகப் பெண்கள் வேறு அறைக்கு எழுந்து போகும் வழக்கத்தையும், இனி நான் போகமாட்டேன் என்று சொல்லி ஒரு நண்பர் வீட்டில் நிறுத்தினார். தகுதி வந்த பிறகு பொறுப்பு என்பது புரட்டு. பொறுப்பைக் கொடுத்தால்தான் தகுதி வெளிவரும்.

உயர்வு வேண்டாம், சமம் வேண்டும்

பழங்கதை என்று தள்ளுகிறவர்களுக்காக அண்மையில் நடந்ததையும் சொல்லுகிறோம். இங்கிலாந்தின் பி.பி.சி. ஸ்தாபனத்தில் சீன தேசத்துச் செய்திகளுக்கு ஆசிரியராயிருந்தவர் கேரி கிரேசி. சீன பாஷை பேசக் கற்றவர். 30 வருஷ அனுபவம் உள்ளவர். சம்பளம் சமமாயிருக்க வேண்டும் என்று சொல்லியே அந்த வேலையை ஒப்புக் கொண்டவர். 2017 ஜூலையில், 1,50,000 பவுனுக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களின் ஜாபிதாவை அந்த ஸ்தாபனம் வெளியிட நேர்ந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள். தம்மைப் போலவே வெளிதேசச் செய்தி ஆசிரியராயிருந்த ஆண்கள் தம்மைவிட வெகு அதிகம் வாங்குவதை அந்த அம்மையார் அப்போதுதான் அறிந்தார்.

45,000 பவுன் கூட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார். ஏனெனில், கூட்டிய பிறகும் சமம் ஆகவில்லை. அவர் கேட்டது கூடுதல் பணமல்ல, சமம். 2018 ஜனவரியில் அந்தப் பதவியை விட்டு விலகி, நடந்ததைப் பகிரங்கக் கடிதமாக ஜனங்களுக்கு எழுதினார். அந்த வருஷம் ஜூனில் ஸ்தாபனம் மன்னிப்புக் கேட்டுப் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்தது. பணம் முழுவதையும் பெண்களின் சமத்துவத்துக்காக உழைக்கும் ஒரு சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே ஸ்தாபனத்தில் சமீரா அகமது என்ற அம்மையார் ஒரு நிகழ்ச்சிக்கு 440 பவுன் வாங்கினார். அதைப் போன்ற வேறொரு நிகழ்ச்சியை நடத்திய ஆணுக்கு 3,000 பவுன். அவர் வழக்காடி 2020 ஜனவரியில் ஜெயித்தார். இங்கிலாந்தில் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற சட்டம் 1970-லேயே நிறைவேறியது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கேட்பாரில்லாவிட்டால் சட்டம் அலமாரியில் தூங்கும்.

சித்திரகூடத்துப் பெண்கள்

அதெல்லாம் வெள்ளைக்காரர் தேசம், படித்த சீமாட்டிகள் சங்கதி என்று சொல்ல வேண்டாம். நம் இந்தியாவிலேயே, உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூட ஜில்லாவில் 2002-ல் கபர் லஹரியா என்ற கிராமப் பத்திரிகை தொடங்கிற்று. நிருபர் பெண், ஆசிரியர் பெண், கொண்டுபோய் விற்பவரும் பெண். அவர்களில் மிகுதியானவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பார். பலர் வயது வந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள். ஊரார் பேசும் புந்தேலி பாஷையில் எழுதினார்கள். ரோடு போடாமலே பணம் எடுத்தது, குழாயில் தண்ணீர் வராதது, பெண்களைக் கெடுத்தவனைப் போலீசு பிடிக்காதது ஆகியவைகளை எழுதினார்கள். எந்த அதிகாரி வீட்டு வாசலில் அவர்கள் வகுப்பார் கைகட்டி நின்றார்களோ, அந்த அதிகாரியிடமே கையில் காகிதத்தோடு போய்க் கேள்வி கேட்டார்கள். 2009-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ அவர்களுக்குப் பரிசளித்தது. அவர்களைப் பற்றிய படம் 2022-ல் ஆஸ்கார் பரிசுப் போட்டிக்கும் போயிற்று. பரம்பரைக் கல்வி, குலம், சிபாரிசு இவைகளில் எது அவர்களுக்கு இருந்தது? ஒன்றும் இல்லை. பத்திரிகை அவர்கள் கையில் இருந்தது. ஒருவருக்கொருவர் துணை இருந்தது.

உண்மையான பாடம்

இவைகளிலிருந்து நாம் அறிவது என்ன? முயற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாடத்தில் நின்றவர்களும் முயன்றவர்களே. பிழை திருத்தியவர்களும் உழைத்தவர்களே. பூட்டிய கதவுக்கு முன்னால் உழைத்த உழைப்பு பிறருக்கு இலாபமாயிற்று என்பதைத்தான் சொல்லுகிறோம். ஆகவே, உத்தியோகத்துக்குப் போகும் பெண்மக்கள் முதலாவது, பக்கத்திலிருக்கும் ஆண் என்ன சம்பளம் வாங்குகிறான் என்று கேட்கட்டும். சம்பளத்தைச் சொல்லக் கூடாது என்பது மரியாதையல்ல, முதலாளியின் தந்திரம். இரண்டாவது, தனியாகப் போய் அழாமல் கூட்டாகப் போய்க் கேட்கட்டும். மூன்றாவது, தங்களுக்கு அனுகூலமாக உள்ள சட்டத்தைப் படிக்கட்டும். நான்காவது, தங்களில் ஒருத்தி மேலே போய்விட்டால் திருப்தியடையாமல், அவள் தங்களுக்காகக் கதவைத் திறக்கிறாளா என்று பார்க்கட்டும்.

ஆண்களுக்கும் ஒன்று சொல்லுவோம். "வீட்டையும் வேலையையும் சமமாகப் பார்த்துக் கொள்ளுவது எப்படி?" என்று பேரெடுத்த பெண்ணைக் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியைப் பேரெடுத்த எந்த ஆணையாவது மேடையில் கேட்டதுண்டா? அவன் வீட்டு அடுப்பை வேறொருத்தி ஊதுகிறாள் என்பதாலல்லவா கேட்பதில்லை? பெண் விடுதலை பேசும் தோழர்கள் தங்கள் வீட்டில் பத்திரிகை படிக்கும் நேரத்தையும் பாத்திரம் துலக்கும் நேரத்தையும் யார் யாருக்குப் பங்கு போட்டிருக்கிறோம் என்பதை இன்று இராத்திரியே கணக்குப் பார்க்க வேண்டும். மகனைப் படிக்க வைக்கும் பணத்தில் மகளுக்குச் சரிபாதி கொடுக்காதவன் பெண்களின் வெற்றிக்குக் கைதட்டுவது வெறும் வேஷமே ஆகும்.

அடுத்த தடவை வாழ்க்கைப் பாடம் கேட்கக் கூப்பிட்டால் அவசியம் போங்கள். போய், "அம்மையாரே! உங்கள் பொறுமையைப் பற்றிப் பிறகு கேட்டுக் கொள்ளுகிறோம். உங்கள் கதவைப் பூட்டி வைத்திருந்தவர்கள் யார், அதை எப்படித் திறந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்" என்று எழுந்து நின்று கேளுங்கள்.