மஞ்சள் பூசாதே என்றார்கள்

மே மாதம், மதுரையில் கல்லூரித் தோழி ஒருத்தியின் சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, தாலியும் இல்லை. மாலை மாற்றி உறுதிமொழி வாசிப்பார்கள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேடையில் நான்கு நிமிடம் பேச வேண்டும். பேச்சை ஒரே இரவில் எழுதி முடித்துவிட்டேன். முகத்துக்கு என்ன போடுவது என்று முடிவு செய்யத்தான் மூன்று வாரம் ஆனது.

இதைப் படிக்கும் தோழர்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் மேக்கப் பற்றி என்ன கட்டுரை என்று கேட்பீர்கள். சிரித்துவிட்டே படியுங்கள், பரவாயில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்பு சித்தி மகள் கல்யாணத்துக்கு முதல்முறையாகப் பார்லரில் மேக்கப் போட்டுக்கொண்டேன். போட்டுவிட்ட அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் நிறத்தைப் பார்த்தார், டப்பாவைத் திறந்தார், இரண்டு ஷேடு ஏற்றிப் பூசினார். கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆல்பம் வந்த பிறகுதான் தெரிந்தது. முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கழுத்தும் கையும் என் நிறத்தில் இருக்கின்றன. வேறு யாருடைய தலையையோ வெட்டி என் உடம்பில் ஒட்டியது போல இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தப் படத்தை மட்டும் ஆல்பத்திலிருந்து உருவி பீரோவின் அடித்தட்டில், பழைய ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்துவிட்டார்.

அது ஏன் அப்படி ஆகிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். வெளிர் நிற ஃபவுண்டேஷனில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி அதிகம். சுவருக்கு அடிக்கும் பெயின்டிலும் அதுதான் இருக்கிறது. கறுத்த தோலின் மேல் அது படியும்போது வெளுப்பு வருவதில்லை, சாம்பல்தான் வருகிறது. கேமராவின் ஃபிளாஷ் பட்டால் அந்த வெள்ளை இன்னும் தூக்கலாகத் தெரியும். ஆக, தவறு என் தோலில் இல்லை. ஆனால் அந்தப் படம் பீரோவுக்குள் போன நாளில் தவறு என் தோலில்தான் என்று அம்மாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அதனால் இந்த முறை நானே வாங்கிவிடுவது என்று சென்னையில் ஒரு பெரிய அழகுசாதனக் கடைக்குப் போனேன். ஒரு கம்பெனியின் ஃபவுண்டேஷன் குப்பிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இடப்பக்கம் ஐவரி, பீங்கான், முத்து. நடுவில் மணல், தேன். வலப்பக்கக் கடைசியில் காபி, சாக்லேட். வெளுப்பாக இருந்தால் விலை உயர்ந்த பொருளின் பெயர், கறுப்பாக இருந்தால் தின்கிற பொருளின் பெயர். என் நிறத்துக்குப் பக்கத்தில் வரக்கூடியவை மூன்றே மூன்று. அதில் இரண்டு ஸ்டாக் இல்லை. ஐவரி மட்டும் ஏழெட்டுக் குப்பி இருந்தது. சென்னையில் ஐவரி நிறத்தில் எத்தனை பேர் பஸ் ஏறுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

விற்பனைப் பெண்ணுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். "மேம், உங்க ஷேடே போட்டா டல்லாத் தெரிவீங்க. பங்ஷன்தானே, ரெண்டு ஷேடு ஏத்திக்கங்க" என்றாள். "இல்லம்மா, எனக்கு என் கலர்தான் வேணும்" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கீழே குனிந்து அடித்தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். மணிக்கட்டில் போட்டுப் பார்க்காமல் தாடையில், கழுத்தோடு சேரும் இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். "கடை லைட்டுல பாக்காதீங்க, வெளிய வெயில்ல போய் அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க. காத்துப் பட்டா கொஞ்சம் கறுக்கும்" என்றாள். தொழில் தெரிந்த பெண். போய் நின்று பார்த்தேன். கோடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

திரும்பி வந்து பில் போடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் அதான்க்கா ஷேடு. டியூட்டில போட விடமாட்டாங்க." அதுவரை மேம் என்றவள் அப்போதுதான் அக்கா என்றாள். அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். என் ஆல்பத்தில் இருந்த அதே படம்.

இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் சந்தைக்கு வந்தது. என் அம்மாவுக்கும் அந்தக் கிரீமுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அம்மாவோடு சேர்ந்தே வளர்ந்து, வேலை கிடைக்காத பெண்ணுக்கு வேலையும், மாப்பிள்ளை கிடைக்காத பெண்ணுக்கு மாப்பிள்ளையும் விளம்பரத்தில் வாங்கிக்கொடுத்தது. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு உலகமெங்கும் கறுப்பின மக்களுக்கான போராட்டம் வெடித்த பிறகுதான், அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி 'குளோ' வந்தது. அமெரிக்காவில் ஒரு கறுப்பரின் கழுத்தில் போலீஸ்காரன் முட்டியை வைத்து அழுத்த வேண்டியிருந்தது, இங்கே ஒரு டியூபில் ஒரு சொல் மாறுவதற்கு. அதற்கு முன்பே இங்கே பெண்கள் பேசாமல் இல்லை. 'கறுப்பே அழகு' என்ற பிரசாரம் 2009-இலேயே சென்னையிலிருந்து தொடங்கியது. காது கொடுத்தவர்கள்தான் குறைவு.

2017-இல் பாடகி ரிஹானா தன் ஃபென்டி பியூட்டியை 40 ஷேடுகளோடு தொடங்கினார். அடர்ந்த நிறங்கள் கடைகளில் முதலில் தீர்ந்துபோயின. கறுப்புப் பெண்கள் வாங்க மாட்டார்கள் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த கம்பெனிகள் அதன் பிறகுதான் தங்கள் ஷேடுகளைக் கூட்ட ஆரம்பித்தன. இதை விடுதலை என்று நான் சொல்லவில்லை. வியாபாரிக்குக் காசு எந்த நிறத்துக் கையிலிருந்து வந்தாலும் காசுதான். ஆனால் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் வெறும் வியாபாரக் கணக்கு இல்லை என்பது அதில் தெரிந்தது. நம்மை வாங்குபவராகக்கூட அவர்கள் எண்ணியதில்லை.

சினிமாவிலும் இதே கதைதான். சேரிப் பெண் பாத்திரத்துக்கு வெளுத்த நடிகையைக் கூட்டிவந்து அவள் முகத்தில் கறுப்பு அப்புகிறார்கள். நம் பெண் கல்யாண மேடையில் உட்கார்ந்தால் அவள் முகத்தில் வெள்ளை அப்புகிறார்கள். அவளைக் கறுக்க வைக்க ஷேடு இருக்கிறது, கறுத்தவளை அவள் நிறத்திலேயே காட்டத்தான் ஷேடு இல்லை.

இப்போது என் ஊர்க் கதைக்கு வருகிறேன். நான் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரி. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் ஒரு பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகள் அவை. தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் மேலாடை, ரவிக்கை அணியக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இந்த எட்டில் ஒன்று: பெண்கள் பூச்சூடக் கூடாது, பசை பூசக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதியவர் அதைச் சாஃப்ரன் பசை என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் பெண்கள் முகத்தில் பூசிய பசை எது என்று எங்களுக்குத் தெரியும், மஞ்சள்தான். கீழ்ப்படியாதவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டே தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின.

அப்பத்தாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எங்காத்தா ராத்திரிதான் மஞ்சத் தேய்க்கும். வெடியிறதுக்குள்ள கழுவிப்புடும்" என்றார். யாருக்கும் தெரியாமல் பூசி, யாரும் பார்ப்பதற்குள் கழுவிய முகம். அந்த மஞ்சள் யாருக்காக? எந்த ஆணுக்குக் காட்ட? எந்தக் கம்பெனி விளம்பரம் போட்டு அவரை மயக்கியது? விடை தெரியாதவர்கள், அழகுபடுத்திக்கொள்வதெல்லாம் ஆணாதிக்கமும் முதலாளித்துவமும் மட்டும்தான் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

தோழர் ஒருவர் அதைத்தான் சொன்னார். "எளிமையா வாங்க தோழர், நம்ம கல்யாணம்தானே" என்றார். அவர் நல்லவர். காதி ஜிப்பாவும் ரப்பர் செருப்பும்தான் போடுவார். அந்தச் செருப்போடு எந்தத் தெருவிலும் அவருடைய தாத்தாவால் நடக்க முடிந்திருக்கும். அதனால் அவருக்கு அது எளிமை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவரின் பேத்தி நான். எளிமை என்று அவர் சொல்வதை என் வீட்டில் வேறு பெயரில் எங்கள் மேல் திணித்திருந்தார்கள்.

பெண்களை நகை மாட்டும் பொம்மையாக்காதீர்கள் என்று பெரியார் காலமெல்லாம் வாதாடினாரே என்று கேட்கலாம். சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அம்பேத்கர் பேசியதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் உடுப்பையும், கை கால்களில் சுமக்கும் கனத்த நகைகளையும் விட்டுவிடுங்கள், மற்றப் பெண்களைப் போலச் சேலை கட்டுங்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்றார். ஒருவர் கழற்று என்கிறார், இன்னொருவர் நன்றாக உடுத்து என்கிறார். முரண்பாடு போலத் தெரியும். ஆனால் இருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: உன் உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? பொம்மையாகச் சிங்காரிக்கப்பட்டவளுக்குக் கழற்றுவது விடுதலை. பூச்சூடாதே என்று அடிக்கப்பட்டவளுக்குச் சூடுவது விடுதலை. எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதிக்கொடுக்க முடியாது.

சரி, வாங்கியது எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும் அல்லவா?

மதுரை, மே மாதம், ஏசி இல்லாத மண்டபம். காலை ஆறரைக்குப் போட்டேன். ஒன்பது மணிவரை எந்தக் குறையும் இல்லை. பத்தரைக்கு மூக்கின் இரு பக்கமும் திட்டுத்திட்டாக விட ஆரம்பித்தது. கைக்குட்டையால் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றியெடுத்து மேலே லேசாகப் பவுடர் போட்டதில் சரியாயிற்று. பதினொன்றரைக்கு மேடையில் பேசினேன். கண் மை கொஞ்சம் கலைந்ததற்குக் காரணம் வெயில் இல்லை, தோழி உறுதிமொழி வாசித்தபோது நான் அழுதுவிட்டேன். லிப்ஸ்டிக் பிரியாணியோடு போய்விட்டது. 'பிரைமர்' என்று ஒன்றுக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாய் தண்டம், அதை வாங்காதீர்கள். ஃபவுண்டேஷன் மாலை நான்கு மணிவரை நெற்றியிலும் கன்னத்திலும் நின்றது. வியர்வையில் கரைந்த இடத்திலும் அடியில் இருந்தது அதே நிறம் என்பதால் கரைந்ததே தெரியவில்லை. சொந்த ஷேடு வாங்குவதில் யாரும் சொல்லாத லாபம் இது. வேஷம் கலையும் என்ற பயமே இல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், முற்போக்கானவர், பக்கத்தில் வந்து, "நல்லாப் பேசுனீங்கம்மா. பார்த்தா அப்படித் தெரியவே இல்ல" என்றார்.

"எப்படித் தெரியலைங்கய்யா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பாயசம் கேட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்கு வருடத்துக்கு முன்பு என்றால் அந்தச் சொல்லை மேக்கப்புக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு மனசுக்குள் சந்தோஷப்பட்டிருப்பேன். இந்த முறை முகத்தில் இருந்தது என் நிறமேதான். அப்படியும் அவர் அதைச் சொன்னார். அப்படியானால் அவர் எதைப் பார்த்தார்? பட்டுச் சேலையையும், தடுமாறாத பேச்சையும் பார்த்திருக்கிறார். சாதி நிறத்தில் இல்லை. எல்லாச் சாதியிலும் கறுப்பு உண்டு, எங்கள் தெருவில் சிவப்பும் உண்டு. ஆனால் ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் நிறம், துணி, பேச்சு, ஊர் என்று ஒவ்வொன்றாகத் தடவி எந்தத் தெரு என்று கண்டுபிடிக்கத் துடிக்கும் ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு ஏற்றபடி எத்தனை ஷேடு ஏற்றினாலும் அது திருப்தி அடையாது. அதற்காக முகத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் நாம்தான் களைத்துப் போவோம். அடுத்த முறை அதற்குப் பதில் அந்தப் பெரியவரிடம் கேட்டதையே கேளுங்கள்: எப்படித் தெரியலை?

படங்கள் வந்துவிட்டன. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முகமும் கையும் ஒரே நிறம். அம்மா செல்போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "கறுப்பாத்தான் இருக்க" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத பிரிண்ட்டு போட்டுக் குடு" என்றார்.

கடைக்குப் போகும் தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஷேடு இல்லை என்றால் பக்கத்து ஷேடை வாங்கிக்கொண்டு வராதீர்கள். இல்லையா என்று நாலு பேருக்குக் கேட்கும்படி கேளுங்கள். எப்போது வரும் என்று எழுதி வாங்குங்கள். எனக்கு எடுத்துக் கொடுத்த அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருப்பாள். தன் ஷேடைப் போட்டுக்கொண்டு அவள் கவுண்டரில் நிற்கும் நாள்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.