மூணு வீடு, மூணு ஜாடி

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பகுதியில் கோதுமை ரவைக் கிச்சடி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: ‘கிச்சடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் நறுக்கித் தயாராக வைத்துக்கொள்ளவும் என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டீர்கள். ராத்திரி ஏழே முக்காலுக்கு பஸ்ஸைவிட்டு இறங்குகிற எனக்கு யார் நறுக்கி வைப்பார்கள்?’

நியாயமான கேள்வி. அந்த வரியை எழுதும்போது மத்தியானம் மூன்று மணி. நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அதனால் இந்த வாரம் புது டிபன் எதுவும் இல்லை. எங்கள் தெருவில் கொஞ்ச நாளாக நடக்கிற ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன். உங்கள் தெருவுக்கு ஒத்துவருமா பாருங்கள்.

நான் இருப்பது விருத்தாசலத்தில். வெளியூர்க்காரர்களுக்கு இது ரயில் மாறுகிற ஜங்ஷன், அல்லது விருத்தகிரீஸ்வரர் கோயில். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பீங்கான் ஊர். பக்கத்திலேயே நெய்வேலி, சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு களிமண்ணும் கிடைக்கிறது. அதனால் இங்கே ஜாடி, பொம்மை, அகல் விளக்கு, கரன்ட் ஃப்யூஸ் கட்டை என்று பீங்கானை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் பொம்மைக்கு பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறாள். பீஸ் கணக்கில் கூலி. நவராத்திரிக்கு முன்னால் பொம்மை, அது முடிந்த கையோடு கார்த்திகைக்கு அகல் விளக்கு. அந்த மூன்று நான்கு மாதமும் வீடு திரும்ப எட்டு மணி. கழுத்து வலியோடு வந்து உட்காருகிறவளைப் பார்த்து வீட்டுக்காரர் பரோட்டா வாங்கி வந்துவிடுவார். வாரத்தில் நான்கு நாள் பார்சல். மாமனாருக்குச் சர்க்கரை. போன தடவை ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், ‘பெரியவரே, ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?’ என்று கேட்டாராம். அவர் பதில் சொல்லாமல் மருமகள் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

‘திட்டியிருந்தாகூடப் பரவாயில்லைக்கா’ என்றாள் என்னிடம்.

கோணத்து வீட்டு அக்கா சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். நூறு பேருக்குச் சாம்பார் வைத்த கை. அவர்தான் வழி சொன்னார். ‘ராத்திரி சமைக்கிறது கஷ்டமே இல்ல. ராத்திரி ஆரம்பிக்கிறதுதான் கஷ்டம். பாதி வேலைய ஞாயித்துக்கெழமையே முடிச்சு ஜாடியில போட்டுட்டா மீதி இருபது நிமிஷம்.’

ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தால் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. ஆகவே மூன்று வீடு, மூன்று ஜாடி. ஒருவர் ஒரே ஒரு சாமானை மூன்று பங்காகச் செய்து, மற்ற இரண்டு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். சாமான் செலவு மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக்கொள்கிறோம். முதல் வாரம், ‘யார் வீட்டு அடுப்புல செஞ்சது, என்னவோ’ என்று தெருவில் ஒரு முணுமுணுப்பு வந்தது. சத்துணவு அக்கா வாசலில் நின்று, ‘பத்தாவது வரைக்கும் உன் புள்ள நான் போட்ட சோத்தைத்தான தின்னுச்சு’ என்றார். அதோடு சரி.

என் பங்கு புளிக்காய்ச்சல். 200 கிராம் பழைய புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். இரும்புச் சட்டியோ எவர்சில்வரோ இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். புளியும் உப்பும் அதை அரித்துவிடும். 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, 2 டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, 15 காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கட்டிப் பெருங்காயம் தாளித்துக் கரைசலை ஊற்றுங்கள். மஞ்சள் தூள், 3 டேபிள்ஸ்பூன் கல்லுப்பு. நடுத்தரத் தீயில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். எண்ணெய் தனியாக மிதந்து, கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிய வேண்டும். வறுத்துப் பொடித்த 2 டேபிள்ஸ்பூன் தனியா, 1 டீஸ்பூன் வெந்தயம், 1 டேபிள்ஸ்பூன் எள்ளைக் கடைசியில் தூவி இறக்குங்கள். தண்ணீர் சுண்டாமல் அவசரப்பட்டு இறக்கினால் பத்தாம் நாள் பூஞ்சை பிடிக்கும். எனக்குப் பிடித்திருக்கிறது.

எதிர்வீட்டுப் பெண்ணின் பங்கு மல்லாட்டைப் பொடி. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை ரகங்களுக்கு ‘வி.ஆர்.ஐ.’ என்று ஊர் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. 250 கிராம் மல்லாட்டையைப் பொறுமையாக வறுத்துத் தோல் நீக்குங்கள். 10 காய்ந்த மிளகாய், கோலி அளவு புளி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை இவற்றைச் சூடு ஏற வறுத்து, உப்போடு முதலில் பொடியுங்கள். பிறகு கடலையைப் போட்டு விட்டு விட்டு இரண்டு சுற்று. நிற்காமல் ஓடவிட்டால் எண்ணெய் கக்கிப் பிசினாகிவிடும். ஒன்று மட்டும் முக்கியம்: சுருங்கியது, கறுத்தது, பூசணம் பட்டது, வாயில் போட்டால் கசப்பது எதுவும் உள்ளே போகக்கூடாது. பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் நச்சு ஈரலைப் பாதிக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. கடலை பொறுக்குவதை அவள் மாமனார் எடுத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்.

சத்துணவு அக்காவின் பங்கு தக்காளித் தொக்கு. அளவெல்லாம் கேட்டால் சிரிப்பார். பக்கத்தில் நின்று நான் எழுதிக்கொண்டது: 1 கிலோ நாட்டுத் தக்காளி, 150 மில்லி நல்லெண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் மிளகாய்த் தூள், ஒன்றரை டேபிள்ஸ்பூன் உப்பு, எலுமிச்சை அளவில் பாதி புளி, வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும் ஒரு டீஸ்பூன். சுருள வதங்க வேண்டும். இதை மட்டும் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தக்காளிக்குப் புளிக்காய்ச்சல் அளவுக்குத் தாங்கும் சக்தி கிடையாது.

சரி, எட்டு மணிக்கு வந்து என்ன செய்வது?

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது 2 டம்ளர் பச்சைப்பயறும் ஒரு பிடி அரிசியும் ஊறப்போட்டுவிட்டுப் போகிறாள். வெயில் காலமானால் மத்தியானம் ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். அதையும் பெரியவரே பார்த்துக்கொள்கிறார். வந்ததும் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து நேராகக் கல்லில் ஊற்றலாம். புளிக்கக் காத்திருக்க வேண்டாம். அரிசி தோசையைவிடப் பருப்புச் சத்து அதிகம், சர்க்கரைக்காரர்களுக்கு இது தேவலை. தொட்டுக்கொள்ள மல்லாட்டைப் பொடியைத் தயிரில் குழைத்துக் கடுகு தாளித்தால் சட்னி. அரைக்கிற வேலையே இல்லை.

இன்னொரு நாள் கேழ்வரகு அடை. மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு வெந்நீர் விட்டுப் பிசைந்து தட்டினால் தொக்கு பக்கத்திலேயே இருக்கிறது. கேழ்வரகு என்றால் சர்க்கரை ஏறவே ஏறாது என்று நினைத்து ஐந்து அடை சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஏறும். அவருக்கு இரண்டோடு நிறுத்தி, கூடவே புடலங்காய்ப் பொரியலோ அவரைக்காயோ வைக்கிறாள்.

காலை இட்லி மிஞ்சியிருந்தால் உதிர்த்து, வெங்காயம் வதக்கி, ஒன்றரை ஸ்பூன் புளிக்காய்ச்சல் விட்டுப் பிரட்டுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கத்தரிக்காயை நான்காகக் கீறி எண்ணெயில் வதக்கி, புளிக்காய்ச்சல் ஒரு ஸ்பூன், மல்லாட்டைப் பொடி மூன்று ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டால் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்குத் தம்பி. முந்திரி உடைசல் விலை குறைவாகக் கிடைக்கும் எங்கள் பக்கத்தில் அதையும் ஒரு கைப்பிடி ஊறவைத்து அரைத்து ஊற்றுவோம். பெரியவருக்கு ரத்த அழுத்தமும் இருப்பதால் புளிக்காய்ச்சல் பக்கம் அவரை அதிகம் விடுவதில்லை. ஜாடியில் போடுகிற எதிலும் உப்பு கூடுதல்தானே.

இனி ஜாடிக்கு வருகிறேன். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாவிட்டால் தப்பு.

சில வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊர்த் திருவிழாக் கடையில் மூடி போட்ட அழகான பீங்கான் ஜாடி ஒன்று வாங்கினேன். வெளியேயும் உள்ளேயும் சிவப்பு, மஞ்சள் பூ. அதில் புளிக்காய்ச்சலைப் போட்டு வைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கழுவும்போது பார்த்தால், புளி நின்ற உயரம் வரைக்கும் உள்பக்கத்து மஞ்சள் பூ வெளுத்திருந்தது. அந்த மஞ்சள் எங்கே போயிருக்கும்? எங்கள் வயிற்றுக்குத்தான். எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அக்கா, இது ஷோகேஸுக்குக்கா! இதுல போயி புளியப் போடுவாங்களா?’ என்றாள்.

சாப்பாட்டு ஜாடியும் அலங்கார ஜாடியும் வேறு வேறு. ஊறுகாய் ஜாடியைச் சுமார் 1,200 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்போல ஆகிவிடும். அதனால்தான் புளிப்பும் உப்பும் அதை ஒன்றும் செய்வதில்லை. பொம்மை, அலங்காரச் சாமான் பலவற்றில் சுட்ட பிறகு சாதாரண பெயின்ட்தான் அடிக்கிறார்கள். குறைந்த சூட்டில் சுடுகிற சில பளபளப்புப் பூச்சுகளில் ஈயம் சேர்ப்பதுண்டு. மஞ்சள், சிவப்பு நிறத்துக்குக் காட்மியம் சேர்ப்பதுண்டு. புளி, எலுமிச்சை, தக்காளி பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். ஈயம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அதிகம் பாதிக்கும். வண்ணப் பீங்கான் எல்லாவற்றிலும் இது இருக்கிறது என்று சொல்லவில்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன், அவ்வளவுதான். கொலுவில் வைக்கத்தானே அவ்வளவு அழகாகச் செய்கிறார்கள், அங்கேயே இருக்கட்டும்.

வாங்கும்போது அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு ஜாடிதானா என்று கடையில் கேட்டே வாங்குங்கள். தூக்கினால் கனமாக இருக்க வேண்டும். உள்ளே பூ, கோடு எதுவும் இல்லாமல் ஒரே நிறப் பூச்சு. விரல் மடக்கித் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகச் சத்தம் வந்தால் எங்கோ கீறல். கவிழ்த்து, அடியில் பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் சரியாக வேகாத மண், வேண்டாம். பழைய ஜாடியில் உள்பக்கம் முடி முடியாக விரிசல் ஓடியிருந்தால் அதில் எண்ணெய் இறங்கிச் சிக்கு வாடை அடிக்கும். அதைத் தொட்டியாக்கிச் செடி வைத்துவிடுங்கள். பாட்டி காலத்து ஜாடி என்று மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. இப்போது அதில் கற்றாழை இருக்கிறது.

ஜாடியை வெந்நீரில் கழுவி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, புளிக்காய்ச்சல் நன்றாக ஆறின பிறகே போடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரிசல் விடும். 2 கிலோ ஜாடி ஒன்றைவிட அரைக் கிலோ ஜாடி மூன்று நல்லது. ஒன்றைத் திறந்து புழங்கும்போது மற்ற இரண்டும் கெடாது. உள்ளே போகிற ஸ்பூன் காய்ந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. அதனால் ஜாடிக்குள்ளேயே ஒரு மரக் கரண்டியைப் போட்டு வைத்துவிட்டேன்.

ஏழே முக்கால் பஸ்காரம்மா, உங்களுக்குத் தெருவில் இரண்டு வீடு கிடைக்காவிட்டால் மல்லாட்டைப் பொடியிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்றில் அதுதான் சுலபம், அரை மணி நேர வேலை. எதிர்வீட்டில் அடுத்த ரத்தப் பரிசோதனை தை மாதம். ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன். அதற்குள் நாலாவது ஜாடியில் என்ன போடலாம் என்று சத்துணவு அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் நெல்லிக்காய் என்கிறேன், அவர் பூண்டு என்கிறார். உங்கள் ஓட்டு எதற்கு?